ஷாதோக் பறவைகளும் கோபக் கடிதங்களும்

பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவது புதிதல்ல. மன்னரா குடியரசா என்று பிரிந்தார்கள். திரேஃபுஸ் வழக்கில் ஒரே வீட்டு உணவு மேசையிலேயே பிரிந்தார்கள். 1968-இல் அவர்களைப் பிரித்தது, குச்சிக் கால்களும் பறக்க உதவாத குட்டிச் சிறகுகளும் கொண்ட சில கோட்டோவியப் பறவைகள். இரவுச் செய்திக்குப் பிறகு இரண்டு மூன்று நிமிடம் ஓடிய 'லே ஷாதோக்' என்ற விண்வெளி நகைச்சுவைத் தொடரைத்தான் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் புதுச்சேரியில் தொலைக்காட்சி ஏது? ஆனால் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் காதுக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்திருந்தது. பிரான்சிலிருந்து வந்த இளம் ஆசிரியர் ஒருவர், டிக்டேயில் பிழை மலிந்த தாளை உயர்த்திப் பிடித்து "கா, பு, ஸோ, மெ" என்பார். ஷாதோக் மொழியில் மொத்தமே இந்த நான்கு அசைகள்தான். தொடரையே முழுவதும் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகு, என் பேரன் இணையத்தில் தேடிக் கொடுத்தபோது.

கதை இதுதான். வானத்தில் ஒரு பக்கம் ஷாதோக் கிரகம். அதற்கு நிலையான வடிவம் கிடையாது. மறுபக்கம் ஜிபி கிரகம். தட்டையானது, எல்லாரும் ஒரு ஓரத்தில் கூடினால் சாய்ந்து கீழே கொட்டிவிடும். இரண்டு இடத்திலும் குடியிருக்க முடியாமல், நடுவில் இருக்கும் பூமிக்குப் போய்விட இரு கூட்டமும் போட்டி போடுகின்றன. ஜிபிகள் கெட்டிக்காரர்கள், சகல அறிவும் அவர்கள் தலையில் இருக்கும் வட்டத் தொப்பியில். ஷாதோக்குகளின் மூளையிலோ நான்கே அறைகள். ராக்கெட் செய்கிறார்கள், விழுகிறது; மீண்டும் செய்கிறார்கள், மீண்டும் விழுகிறது. ஜிபிகளிடம் 'காஸ்மோகோல் 999' என்ற எரிபொருள் இருப்பது தெரிந்ததும், அதை உறிஞ்ச ஒரு பெரிய பம்பை அமைத்து இரவு பகலாக அடிக்கிறார்கள். அடிப்பதே அவர்கள் வாழ்க்கை ஆகிவிடுகிறது.

இதை எழுதி வரைந்தவர் ழாக் ரூக்ஸெல். அதற்கு முன் விளம்பரத் துறையில் இருந்தவர். கதை சொல்லும் குரல் க்ளோத் பியெப்ளுவுடையது. 'ரபி ஜாகோப்' படம் பார்த்தவர்களுக்கு அதில் போலீஸ் கமிஷனராக வருபவர் நினைவிருக்கும், அவர்தான். அந்தக் குரல் இல்லாவிட்டால் தொடருக்கு உயிரே இல்லை என்பது என் கருத்து. கல்லூரிப் பேராசிரியர் விரிவுரை ஆற்றுவதுபோல மூக்கால் இழுத்து, கொஞ்சமும் சிரிக்காமல், சுத்த அபத்தத்தைச் சொல்லிக்கொண்டு போவார். பின்னணியில் ரொபேர் கோஎன்-சொலால் அமைத்த விசித்திர ஒலிகள்.

தயாரித்தது யார் தெரியுமா? அரசாங்கம். ஓ.எர்.தே.எஃப். எனப்பட்ட அரசு வானொலி-தொலைக்காட்சி நிறுவனத்தில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. அதன் தலைவர் பியேர் ஷேஃபர்; ரயில் சத்தத்தையும் தட்டுமுட்டுச் சத்தத்தையும் இசையாக்கிக் காட்டியவர். அங்கே ழான் தெழு என்பவர், குறைந்த படங்களை வைத்து அசைவுப் படம் எடுக்க 'அனிமோகிராஃப்' என்ற இயந்திரத்தை உருவாக்கியிருந்தார். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு தொடர் வேண்டியிருந்தது. ஷாதோக் பிறந்தது அப்படித்தான்.

முதல் ஒளிபரப்பு 1968 ஏப்ரல் 29. சில நாட்களிலேயே மே மாதக் கிளர்ச்சி வெடித்தது; தொலைக்காட்சி ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்க, பறவைகள் காணாமல் போயின. செப்டம்பரில்தான் மீண்டும் வந்தன. வேலைநிறுத்தம் செய்த பத்திரிகையாளர்களில் நூறு பேருக்கு மேல் அதற்குள் அந்த நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்கள். பத்திரிகையாளர்கள் போனார்கள், ஷாதோக் திரும்பி வந்தது என்பதை ஒரு முறை மனதில் வைத்துப் பாருங்கள்.

கடிதங்கள் குவிந்தன. ஒரு சாரார், இத்தனை நாளில் இதுதான் புத்திசாலித்தனமான நிகழ்ச்சி என்றார்கள். மற்றவர்கள் கொதித்தார்கள். படம் அசிங்கம், சத்தம் நாராசம், குழந்தைகள் கெட்டுப்போவார்கள், பார்ப்பவர்களை முட்டாளாக்குகிறார்கள் என்று நிறுத்தச் சொல்லி எழுதினார்கள்.

இன்று பிரான்சில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் அந்த இரண்டாம் கூட்டத்தைக் கேலி செய்து முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். மொத்தம் இரண்டே அலைவரிசைகள், இரண்டும் அரசினுடையவை. வீட்டில் பெட்டி வைத்திருந்தால் ஆண்டுதோறும் கட்டணம் கட்டியாக வேண்டும். 1965 நவம்பரில் 'தியாமான்' ராக்கெட் மூலம் 'ஆஸ்தெரிக்ஸ்' செயற்கைக்கோளை ஏவி, ரஷ்யா, அமெரிக்காவுக்கு அடுத்து மூன்றாவது நாடாகத் தன் சொந்த ராக்கெட்டில் கோள் அனுப்பியதாகப் பெருமை பேசிய அதே அரசு, மூன்றாவது வருஷமே ராக்கெட் விட்டு விட்டு விழும் மூடப் பறவைகளைக் காட்டுகிறது. ஜிபி என்பது ஜி.பி., அதாவது கிரேட் பிரிட்டன் என்று பலர் வாசித்தார்கள். வட்டத் தொப்பி வேறு. அப்படியானால் ஷாதோக் யார்? கோபப்பட்டவருக்கு அது புரிந்துதான் இருந்தது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்ததோ.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் சுவையான பகுதி. வந்த கடிதங்களை அலமாரியில் கட்டி வைக்காமல், 'பிரெஞ்சுக்காரர்கள் ஷாதோக்குகளுக்கு எழுதுகிறார்கள்' என்று அதையே ஒரு நிகழ்ச்சி ஆக்கிவிட்டார்கள். கேலிப் பேச்சுக்குப் பேர்போன ழான் யான் கடிதங்களை எடுத்துப் படிப்பார். 1972-இல் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கிய அதே ழான் யான்தான். திட்டியவர்களின் வசனமே நாட்டுக்குச் சிரிப்பு விருந்தானது.

முப்பது வருஷத்துக்கு மேல் மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றியவன் என்ற முறையில் இதை நான் இரண்டு மனதோடு பார்க்கிறேன். நான் இருந்த அலுவலகம் ஒன்றில், தெருவிளக்கு எரியவில்லை என்று மாதந்தவறாமல் எழுதும் பெரியவர் ஒருவர் இருந்தார். நான்கு பக்கம் எழுதுவார். திருக்குறள் இருக்கும், அரசியல் சட்டம் இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்கும். தேநீர் நேரத்தில் யாராவது அதை ராகம் போட்டுப் படிக்க, பிரிவே சிரிக்கும். கடிதத்தில் பிழை இருந்தது உண்மை. விளக்கு எரியாததும் உண்மை. எழுதினால் அந்தப் பக்கம் யாரோ படிப்பார்கள் என்று நம்புகிறவன்தான் நான்கு பக்கம் கோபப்படுவான். நம்பிக்கை போனவன் தபால்தலைக்குக் காசு செலவழிக்க மாட்டான்.

ழான் யான் அவர்களைக் கோமாளி ஆக்கினார், சரி. ஆனால் உரக்கப் படித்தார், ஊரறியப் படித்தார். எங்கள் கோப்புகளில் 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்ற குறிப்போடு தூங்கிய மனுக்களுக்கு அந்த பாக்கியமும் கிடைக்கவில்லை. அந்தப் பெரியவரை மேடையேற்றிப் பத்து ஊர் சிரித்திருந்தால், ஒருவேளை மறுவாரம் விளக்கு எரிந்திருக்கும்.

தொடரை நிறுத்தவில்லை. இரண்டாம் தொகுதி, மூன்றாம் தொகுதி என்று எழுபதுகளின் தொடக்கம் வரை வந்தது. பயனில்லாமல் பாடுபடுவதைச் சொல்ல ஷாதோக் பம்பை உதாரணம் காட்டுவது பிரெஞ்சுப் பேச்சில் நிலைத்துவிட்டது. ஒரே தகவலை மூன்று படிவத்தில் கேட்கும் அலுவலகத்தைப் பார்த்து 'ஷாதோக்' என்று சொல்லும்போது, கேட்பவர் விளக்கம் கேட்பதில்லை. ஓ.எர்.தே.எஃப். நிறுவனமே 1974 முடிவோடு கலைக்கப்பட்டு ஏழு துண்டாகியது.

2000-இல் நான்காம் தொகுதி வந்தது. பியெப்ளுவின் அதே குரல். ரூக்ஸெல் அதற்குப் பிறகு நான்கு வருஷமே இருந்தார். இம்முறை ஒளிபரப்பியது 'கனால் பிளஸ்' என்ற தனியார் சந்தா அலைவரிசை. பிடிக்காதவர் சந்தாவை நிறுத்திக்கொள்ளலாம். யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை.