இடைத்தட்டும் மறுமொழியும்: எழுத்தறிவுத் தன்னார்வலருக்கான இணையவழிப் பயிற்சி குறித்து, ஆனைக்குட்டம் வட்டாரத்தை முன்வைத்து

தமிழ்நாட்டின் எழுத்தறிவு முயற்சியான அறிவொளி இயக்கத்தின் படிநிலைப் பயிற்சி நலிந்ததற்கு வயதுவந்தோர் கல்வி ஆய்வுகளில் ஒரு விளக்கம் நிலைபெற்றுவிட்டது. முதன்மைக் கருத்தாளரிடமிருந்து பயிற்றுநருக்கும், அவரிடமிருந்து தொண்டருக்கும் பாடம் இறங்கியபோது தட்டுக்குத் தட்டு குறைந்துபோனது என்பது அவ்விளக்கம். இடைத்தட்டை நீக்கிவிட்டால் பாடம் சிதையாது. ஆகவே இணையவழிப் பயிற்சியே தீர்வு என்ற முடிவும் அதிலிருந்து பெறப்படுகிறது. இம்முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

இம்முடிவுக்குச் சான்றாகக் காட்டப்படுவது, புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு (2022–27) ஒப்புதல் அளித்து ஒன்றிய அரசு 2022 பிப்ரவரி 16 அன்று வெளியிட்ட அறிவிப்பு. அதன் பயிற்சிப் பகுதியில் மூன்று செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு இணையவழியில் செயல்படும். தன்னார்வலருக்கான பயிற்சியையும் பயிலரங்குகளையும் நேர்முகமாக நடத்தலாம். பாடப்பொருள் அனைத்தும் தொலைக்காட்சி, வானொலி, கைப்பேசிச் செயலி ஆகியவற்றின் வழியே கிடைக்கும். முதற்செய்தியே மற்றவற்றை ஆள்கிறது, நேர்முகப் பயிற்சி தற்காலிகச் சலுகை மட்டுமே என்பது வழக்கமான வாசிப்பு.

பகுதியின் அமைப்பு அவ்வாசிப்புக்கு இடந்தரவில்லை. பயிற்சியும் இணையத்துக்குள் அடங்குமானால் அதைத் தனியே பிரித்து நேர்முகத்துக்கு உரியதாகச் சொல்லவேண்டிய தேவை இல்லை. மின்னணு வழிக்கு வெளிப்படையாக ஒப்படைக்கப்படுவது பாடப்பொருள் மட்டுமே. நேர்முகப் பயிற்சிக்கு அறிவிப்பு அனுமதி தருகிறதே தவிர அதைக் கட்டாயமாக்கவில்லை என்பது மெய்தான். வரைவாளரின் உள்ளக்கருத்தை அறிந்ததாக நானும் சொல்ல வரவில்லை. பாடப்பொருளை அனுப்புவதும் பயிற்சி அளிப்பதும் ஒன்றே என்பதற்கு அறிவிப்பில் ஆதாரமில்லை என்ற அளவோடு என் வாதம் நிற்கிறது.

ஆயினும் அவ்வாசிப்பு பரவியதற்குக் காரணம் அதே அறிவிப்பில் இருக்கிறது. ஐந்தாண்டு ஒதுக்கீடு ரூ.1037.90 கோடி, இலக்கு 5 கோடிப் பேர். கற்பவர் ஒருவருக்கு எல்லாச் செலவும் சேர்த்து ஏறத்தாழ 208 ரூபாய். இந்தத் தொகைக்குள் நேர்முகப் பயிற்சி நடவாது என்று கருதுவோர் காணொளியைப் பயிற்சி என்று எண்ணத் தலைப்படுவது இயல்பே. ஆனால் நிதிப் பற்றாக்குறையைக் கல்விக் கொள்கையாக ஏற்க முடியாது.

விருதுநகர் மாவட்டத்தில் அர்ச்சுனா நதி நீர்த்தேக்கம் அமைந்த ஆனைக்குட்டத்தையும் அதைச் சுற்றியுள்ள பட்டாசு, தீப்பெட்டி ஊர்களையும் கருதுவோம். இங்கே கூலி பெரும்பாலும் செய்த எண்ணிக்கைக்கே. தீப்பெட்டியில் ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. நாள் முழுதும் குரோஸ் கணக்கை மனத்தில் வைத்திருக்கும் பெண்ணுக்கு ஒன்று, இரண்டிலிருந்து எண்ணறிவு புகட்டத் தொடங்கினால், அவர் மறுநாள் வரமாட்டார். அவருக்குத் தெரியாதது எண்ணிக்கையன்று; அதன் எழுத்து வடிவமே. பட்டாசு அறைச் சுவரில் ஆள் வரம்பும் மருந்து வரம்பும் எழுதப்பட்டிருக்கின்றன. அவ்வெழுத்தை வாசிப்பது இங்கே உயிர்காப்போடு சேர்ந்தது. எந்த எழுத்தில் தொடங்குவது, எந்தக் கணக்கை விடுவது என்பதை மாநிலம் முழுமைக்கும் எடுத்த காணொளி சொல்லாது. தன்னார்வலர் கேட்கவேண்டும், தொழிலும் ஊரும் அறிந்த ஒருவர் பதில் சொல்லவேண்டும்.

அறிவொளியின் இடைத்தட்டைப் புதிதாக மதிப்பிடவேண்டியது இங்கேதான். அத்தட்டு பாடத்தைக் கீழே இறக்கியதோடு, தொண்டரின் கேள்வியை மேலே ஏற்றவும் செய்தது. ஊர் ஊராகச் சென்ற ஒருங்கிணைப்பாளர்களே அந்த ஏறுவழி. அவர்கள் விலகியபின் கேள்வி எழுந்த இடத்திலேயே நின்றது. பாடம் கசிந்ததைக் காட்டிலும் இந்த அடைப்பே பெரிய இழப்பு என்பது என் துணிபு. இணையம் அந்த வழியைத் திறந்ததாகத் தெரியவில்லை. புதிய திட்டத்தின் எழுத்தறிவுத் தேர்வு வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு மூன்றுக்கும் 150 மதிப்பெண் வைத்துக் கற்பவரை அளக்கிறது. கற்பித்தவருக்கு என்ன உதவி கிடைத்தது என்பதைக் கணிக்க அதில் இடமில்லை.

தொலைவைக் குறைசொல்வது என் நோக்கமன்று. 1985இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மாணவரின் ஒப்படைப்பை ஆசிரியர் திருத்திக் குறிப்பெழுதித் திருப்பியனுப்புவது கல்விமுறையின் உறுப்பு. தொலைநிலைக் கல்விக்கு உயிர் தந்தது அந்த மறுமொழியே. இளம் தன்னார்வலருக்குக் கைப்பேசி கைவந்த கலை என்ற சமாதானம் இங்கே பொருந்தாது; கருவியை இயக்கும் திறன் வேறு, கற்பிக்கும் திறன் வேறு. அலைவரிசைக் குறைபாடும் துணைச் சிக்கலே.

செய்யக்கூடியது எளிது. தீபாவளிக்குப் பின் ஆலை வேலை ஓய்ந்திருக்கும் வாரங்களில் நேர்முகப் பயிற்சியை வைக்கலாம். மற்ற மாதங்களில், வட்டாரப் பயிற்றுநர் ஒருவர் குறிப்பிட்ட சில தன்னார்வலருக்குப் பொறுப்பேற்று, அவர்கள் அனுப்பும் குரல்பதிவுக்கும் எழுத்துப் பயிற்சித் தாளின் படத்துக்கும் அந்த வாரத்துக்குள் பதில் தரவேண்டும். அப்பயிற்றுநருக்கு ஊதியமும் உண்டு என்று திட்டம் ஏற்கவேண்டும். தன்னார்வத்தைத் தொண்டரிடம் எதிர்பார்க்கலாம். அவருக்கு வழிகாட்டுவது அரசின் கடமை.