1897 ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டமும் புனே நகர எதிர்ப்பும்: வரம்பற்ற அதிகாரம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

1897 பிப்ரவரியில் பிரித்தானிய இந்திய அரசு இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டம், நோய்த்தடுப்பின் பொருட்டு நிர்வாகத்துக்கு ஏறத்தாழ வரம்பற்ற அதிகாரத்தை வழங்கியது. அச்சட்டத்தின் வாசகத்தையும் அதன்கீழ்ப் புனேயில் நிகழ்ந்த வீட்டுச் சோதனைகளையும் இக்கட்டுரை ஒருசேர நோக்குகிறது. அவ்வதிகாரத்தைத் தடுத்து நிறுத்தியது நீதிமன்றம் அன்று, மக்களின் ஒத்துழையாமையே என்பதும், அம்மக்கள் காக்க முனைந்ததைத் தனிமனித உரிமை என்ற சொல்லால் மட்டும் விளக்கிவிட இயலாது என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: கொள்ளைநோய்ச் சட்டம், பிளேக், புனே, வீட்டுச் சோதனை, தனிமைப்படுத்தல், நெருக்கடிக்கால அதிகாரம்.

முன்னுரை

2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றை எதிர்கொள்ளத் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்கள் ஒழுங்குவிதிகளை வெளியிட்டன. அவ்விதிகளுக்கு அடிப்படையாகக் காட்டப்பட்ட சட்டம் அப்போது 123 ஆண்டுகள் பழமையானதாக இருந்தது. பம்பாய் நகரில் பரவிய பிளேக் நோயை முன்னிட்டு எழுதப்பட்ட அச்சட்டத்தை விடுதலை பெற்ற இந்தியா நீக்கவுமில்லை, பெருமளவு திருத்தவுமில்லை. ஒரு சட்டம் இத்தனைக் காலம் நீடிப்பதற்கு அதன் செம்மை காரணமாகலாம். அதில் ஏதும் வரையறுக்கப்படாமையும் காரணமாகலாம். இச்சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டாவது காரணமே பொருந்தும் என்பது அதன் வாசகத்தைப் படிப்பவர்க்கு விளங்கும்.

ஒரு வாரத்தில் உருவான சட்டம்

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் பரவியிருப்பதை மருத்துவர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். நகராட்சி தனக்கிருந்த அதிகாரங்களைக் கொண்டே நோயாளிகளை மருத்துவமனைக்குக் கட்டாயமாகக் கொண்டுசெல்லத் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். ஆகவே கட்டாயம் எத்தகைய எதிர்விளைவைத் தரும் என்பது சட்டம் இயற்றப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அரசுக்குத் தெரிந்திருந்தது.

எனினும் அரசை விரைவுபடுத்தியது கடல்கடந்த அழுத்தமாகும். இந்தியத் துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல்களையும் பயணிகளையும் ஐரோப்பிய நாடுகள் அச்சத்துடன் நோக்கின. பிளேக்கைக் குறித்து விவாதிப்பதற்கென்றே 1897 பிப்ரவரியில் வெனிஸ் நகரில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. நோயை அடக்க வல்லது தன் ஆட்சி என்று காட்டவேண்டிய கட்டாயத்தில் இருந்தது பிரித்தானிய இந்திய அரசு. ஜான் வுட்பர்ன் தலைமை ஆளுநரின் சட்டமியற்றும் அவையில் முன்வைத்த முன்வரைவு, ஒரு வாரத்தில், பிப்ரவரி 4 அன்று சட்டமாயிற்று. கோரப்படும் அதிகாரங்கள் இயல்புக்கு மீறியவை என்பதை வுட்பர்னே மறைக்கவில்லை. நிர்வாகத்தின் விவேகத்தை நம்பவேண்டும் என்பதே அவரது விடையாக இருந்தது.

அச்சட்டத்தில் நான்கே பிரிவுகள் இருந்தன. பெயரையும் எல்லையையும் கூறும் முதற்பிரிவை விட்டுவிடலாம். நடைமுறையிலுள்ள சட்டங்கள் போதாவென்று அரசு கருதினால், நோயைத் தடுக்கத் தேவையெனத் தோன்றும் எந்நடவடிக்கையையும் எடுக்கலாம், எவ்விதியையும் வகுக்கலாம் என்கிறது இரண்டாம் பிரிவு. இருப்பூர்திப் பயணிகளைச் சோதிக்கவும், சோதிக்கும் அலுவலர் ஐயுறும் எவரையும் மருத்துவமனையிலோ தற்காலிகக் கொட்டகையிலோ ஒதுக்கிவைக்கவும் அதே பிரிவு இடமளித்தது. விதியை மீறுவோர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188 ஆம் பிரிவின்கீழ்க் குற்றவாளிகள் என்றது மூன்றாம் பிரிவு. நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட எச்செயலுக்காகவும் எவர்மீதும் வழக்குத் தொடர இயலாது என்றது நான்காம் பிரிவு.

இச்சட்டத்தில் இல்லாதவற்றையும் நோக்கவேண்டும். ஆபத்தான கொள்ளைநோய் எது என்பதற்கு வரையறை இல்லை. அதிகாரம் எப்போது முடிவுறும் என்ற கால எல்லை இல்லை. ஒருவரைப் பிரித்துக் கொண்டுசெல்ல அலுவலரின் ஐயமே போதும். மருத்துவரின் சான்று தேவையென்ற நிபந்தனை இல்லை. மேல்முறையீட்டுக்கு வழியில்லை. இழப்பீடு பற்றிய குறிப்பும், இழப்பீடு ஏதேனும் உண்டாயின் அதனை யார் செலுத்துவது என்ற அளவில் நின்றுவிடுகிறது. இரண்டாம் பிரிவு அதிகாரத்தை வழங்க, நான்காம் பிரிவு அவ்வதிகாரத்தைக் கேள்விக்கு அப்பால் வைத்தது. சட்டத்தின் முழு வலிமையும் இவ்விரண்டின் சேர்க்கையிலேயே அமைந்துள்ளது.

இங்கு ஓர் ஒப்பீடு தவிர்க்க இயலாதது. இங்கிலாந்தில் கட்டாய அம்மைத் தடுப்பூசிக்கு எதிராக நெடுங்காலம் நிகழ்ந்த போராட்டத்தின் விளைவாக, மனச்சான்றின் அடிப்படையில் பெற்றோர் விலக்குக் கோரலாம் என்ற விதியை 1898 ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே அரசியின் ஆட்சிக்குட்பட்ட இரு நிலப்பகுதிகளில் இயற்றப்பட்ட இவ்விரு சட்டங்களும் உடல்மீது அரசுக்குள்ள உரிமையை இருவேறு வகையில் அளந்தன.

புனே, மார்ச் 13 முதல் மே 19 வரை

முன்னர்ச் சாத்தாராவில் பணியாற்றிய வால்டர் சார்லஸ் ராண்ட் என்ற ஆட்சிப்பணி அலுவலர், 1897 பிப்ரவரியில் புனேயின் சிறப்பு பிளேக் குழுவுக்குத் தலைவராக அமர்த்தப்பட்டார். மார்ச் 13 அன்று வீட்டுச் சோதனைகள் தொடங்கின. டர்ஹாம் காலாட்படையைச் சேர்ந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் நகரின் தெருக்களைப் பகுதி பகுதியாகச் சூழ்ந்து வீடுகளுக்குள் நுழைந்தனர். நோயாளியெனக் கருதப்பட்டோர் மருத்துவமனைக்கும், அவர்தம் குடும்பத்தார் தனிமை முகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். தரை தோண்டப்பட்டது, சுவர்கள் கிருமிநாசினியால் கழுவப்பட்டன, துணிமணிகளும் தட்டுமுட்டுப் பொருள்களும் எரிக்கப்பட்டன. சமையலறைக்குள்ளும் பூசையறைக்குள்ளும் பூட்சுக் காலுடன் சிப்பாய்கள் நுழைந்தது நகரத்தாரின் நினைவில் ஆழப் பதிந்தது.

சோதனை தொடங்குவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பு, மார்ச் 10 அன்று, சாவித்திரிபாய் புலே பிளேக்குக்கு இரையானார். அவரும் மருத்துவரான அவர் மகன் யஷ்வந்தும் நகருக்கு வெளியே நோயாளிகளுக்கான இடமொன்றை நடத்திவந்தனர். தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்டோர் குடியிருப்பிலிருந்து நோயுற்ற சிறுவனைத் தூக்கிவந்தபோது அவருக்கு நோய் தொற்றியது. நோயாளியைத் தனியே வைத்துப் பேணுவதை அந்நகரத்தார் அனைவரும் ஒரே வகையில் எதிர்த்தனர் என்ற எண்ணத்துக்கு இந்நிகழ்வு இடம் தராது. யார் கொண்டுசெல்கிறார், எவ்வாறு கொண்டுசெல்கிறார் என்பதே வேறுபாட்டுக்குக் காரணமாயிற்று.

அத்துமீறல்களைப் பற்றிய சான்றுகளைக் கையாள்வதில் எச்சரிக்கை தேவை. பெண்களின் மானத்துக்கு வேண்டுமென்றே இழுக்கு நேர்ந்ததாக நம்பத்தக்க முறையீடு எதுவும் தமக்கு வரவில்லை எனக் குழுவின் அறிக்கை மனநிறைவுடன் குறிப்பிடுகிறது. அவ்வேளையில் இங்கிலாந்திலிருந்த கோபால கிருஷ்ண கோகலே, சிப்பாய்கள் பெண்களிடம் முறைகேடாக நடந்ததாகத் தமக்கு வந்த கடிதங்களின் அடிப்படையில் மான்செஸ்டர் கார்டியன் இதழில் குற்றஞ்சாட்டினார். நாடு திரும்பியபின் சான்று காட்ட இயலாமல் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை மட்டும் அவர் வெளியிடவில்லை. அம்மன்னிப்பைக் கொண்டு அத்துமீறல் நிகழவேயில்லை எனக் கூறுவோர் உளர். அவ்வாறு முடிவுசெய்வது சட்டத்தின் அமைப்பை மறந்த வாசிப்பு என்றே கருதவேண்டியுள்ளது. முறையீட்டைப் பெறுவது சோதனையை நடத்திய அதே குழு. வழக்குத் தொடர்ந்தால் நல்லெண்ணம் என்ற கவசத்தை உடைக்கவேண்டியவர் முறையிடுபவர். மானம் பற்றிய முறையீடு, முறையிடும் குடும்பத்தின் மானத்தையே பொதுவில் வைப்பதாகும். இந்நிலையில் முறையீடு வராமையைத் தவறு நிகழாமைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. பண்டித ரமாபாய் போன்ற, ஆட்சியாளரோடு நல்லுறவு கொண்டிருந்தவரே புனே மருத்துவமனையில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து 1897 இல் இதழொன்றுக்கு எழுதினார் என்பதை இதனோடு சேர்த்து நோக்கவேண்டும்.

ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழாக் கொண்டாட்டம் முடிந்து கணேஷ்கிண்ட் சாலையில் திரும்பிக்கொண்டிருந்த ராண்ட் சுடப்பட்டார். உடன் வந்த வண்டியிலிருந்த லெப்டினன்ட் அயர்ஸ்ட் அவ்விடத்திலேயே மாண்டார். ராண்ட் ஜூலை 3 அன்று இறந்தார். தாமோதர், பாலகிருஷ்ணா, வாசுதேவ் என்ற சாபேகர் உடன்பிறந்தார் மூவரும் அவர்தம் தோழர் மகாதேவ் ரானடேயும் 1898, 1899 ஆம் ஆண்டுகளில் தூக்கிலிடப்பட்டனர்.

நோயிலிருந்து அரசத் துரோகத்துக்கு

கொலைக்குப் பின் நிகழ்ந்தவை நெருக்கடிக்கால அதிகாரம் தன் வரம்பைத் தாண்டும் முறையைக் காட்டுகின்றன. நாட்டு சகோதரர்கள் இருவர் 1827 ஆம் ஆண்டின் 25 ஆவது ஒழுங்குவிதியின்கீழ் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டனர். ஜூலை 27 அன்று பால கங்காதர திலகர் கைது செய்யப்பட்டார். அவர்மீதான குற்றச்சாட்டு பிளேக் நடவடிக்கைகள் பற்றியதன்று. கேசரி இதழின் ஜூன் 15 ஆம் நாள் வெளியீட்டில் சிவாஜி விழாவை ஒட்டி வந்த எழுத்துகள் பற்றியது. அரசின்பால் பற்று இல்லாமையே பகைமை என்னும் அளவுக்கு 124அ பிரிவை நீதிபதி ஸ்ட்ராச்சி விரித்துரைத்தார். ஐரோப்பியர் அறுவர் குற்றவாளி என்றும் இந்தியர் மூவர் குற்றமற்றவர் என்றும் பிரிந்த நடுவர் குழுவின் பெரும்பான்மைப்படி திலகருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மறு ஆண்டு அப்பிரிவே திருத்தப்பட்டு விரிவாக்கப்பட்டது. சுகாதார அலுவலரிடம் தொடங்கிய அதிகாரம் ஆறு மாதங்களில் இதழாசிரியரின் அறையை எட்டிவிட்டது.

காக்கப்பட்டது யாருடைய உரிமை?

இந்நிகழ்வுகளைத் தனிமனித உரிமைப் போராட்டத்தின் தொடக்கமாகக் கூறுவது எளிது. சான்றுகள் அத்துணை எளிமைக்கு இடம் தருவதில்லை. தாமோதர் சாபேகர் சிறையில் எழுதிய தன்வரலாறு, பிளேக் அலுவலர்களுக்கு நிகராகச் சமூகச் சீர்திருத்தவாதிகளையும் பகைவராகக் காட்டுகிறது. வீட்டின் தூய்மை, சாதி ஒழுக்கம், பெண்டிரின் மறைவு ஆகியவற்றின் பெயரால் எழுந்த குரலே அங்கு ஓங்கி ஒலித்தது. தனிமைப்படுத்தலைத் திலகர் முற்றாக மறுக்கவில்லை. இந்துக்களுக்கெனத் தனி பிளேக் மருத்துவமனை அமைப்பதில் முன்னின்றார். ஆகவே எதிர்க்கப்பட்டது நோயாளியைப் பிரிப்பது அன்று. குடும்பத்தின் முடிவை அந்நியச் சிப்பாய் எடுப்பதே எதிர்க்கப்பட்டது. அக்குடும்பத்துக்குள் பெண்ணுக்கோ பணியாளுக்கோ எத்தகைய உரிமை இருந்தது என்ற வினாவை அவ்வெதிர்ப்பு எழுப்பவில்லை. இதனால் அரசின் வன்முறை சிறிதாகிவிடாது. எனினும் உரிமை என்ற ஒரே சொல்லுக்குள் 1897ஐயும் 2020ஐயும் அடக்கும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறார்.

அரசின் பின்வாங்கல்

இவ்வதிகாரத்தை எந்த நீதிமன்றமும் குறைக்கவில்லை. அதனைப் பயனற்றதாக்கியது மக்களின் அன்றாடச் செயல்களே. நோயாளிகள் பரணிலும் தானிய அறையிலும் ஒளித்துவைக்கப்பட்டனர், இறப்புகள் மறைக்கப்பட்டன, குடும்பங்கள் நகரைவிட்டு வெளியேறின. வெளியேறியோருடன் நோயும் சென்றது. 1898 மார்ச் 9 அன்று பம்பாயிலும் 1900 ஏப்ரலில் கான்பூரிலும் கலவரங்கள் மூண்டன. சென்னை மாகாணத்திலோ, நோயுள்ள பகுதிகளிலிருந்து வருவோருக்குக் கடவுச்சீட்டு வழங்கிக் கண்காணிக்கும் முறையே பெரிதும் கையாளப்பட்டது. 1898 முதல் பல மாகாணங்கள் கட்டாயச் சோதனையையும் கட்டாயத் தனிமைப்படுத்தலையும் படிப்படியாகத் தளர்த்தின. ஹாஃப்கின் உருவாக்கிய தடுப்பூசியும் விருப்பத்தின் பேரிலேயே பெரிதும் அளிக்கப்பட்டது.

இவ்வளவு வன்மையுடன் செயற்படுத்தப்பட்ட நடவடிக்கைகளின் அறிவியல் அடிப்படை என்ன? யெர்சின் 1894 இல் ஹாங்காங்கில் கிருமியைக் கண்டறிந்திருந்தார். அது பரவும் வழி தெளிவாகவில்லை. எலித் தெள்ளுப்பூச்சியே அதனைப் பரப்புகிறது என்பதைப் பால்-லூயி சிமோன் 1898 இல் கராச்சியில் கண்டறிந்தார். அது பரவலாக ஏற்கப்படுவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதன்படி நோக்கின், நெறிகட்டிய நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்ததால் பெரும்பயன் விளைந்திருக்க வாய்ப்பில்லை. எலிகள் மலிந்த வீட்டைவிட்டு வெளியேறித் திறந்தவெளிக் குடிசையில் தங்கியது பயன் தந்திருக்கும். அதனை மக்கள் பல இடங்களில் தாமாகவே செய்தனர். 1896க்கும் 1930க்கும் இடையே இந்தியாவில் பிளேக் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது.

2020 இல் அதே வாசகம்

2020 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த நாடு தழுவிய முழுமுடக்கம், 2005 ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் வழி அறிவிக்கப்பட்டது. மாநிலங்களின் கையில் 1897 ஆம் ஆண்டுச் சட்டமும் 188 ஆம் பிரிவும் இருந்தன. ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், முழுமுடக்க நேரத்தைக் கடந்து கடையைத் திறந்துவைத்ததாகக் கூறிக் கைதுசெய்யப்பட்ட தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். மத்தியப் புலனாய்வுத் துறை காவலர்கள்மீது கொலைக்குற்றம் சாட்டியது. 188 ஆம் பிரிவின் தலையாய தண்டனையே ஆறு மாதச் சிறைதான் என்பதை இங்கு நினைவுகூரலாம். தொற்றுற்றோர் வீட்டு வாயிலில் அறிவிப்புத் தாள் ஒட்டும் வழக்கத்தை, உரிய அதிகாரியின் ஆணையின்றிப் பின்பற்றலாகாது என உச்ச நீதிமன்றம் டிசம்பர் 9 அன்று கூறியது. அத்தீர்ப்பு சுட்டிய ஆணையும் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழானதே.

அவ்வாண்டு 1897 ஆம் ஆண்டுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஏப்ரல் 22 அன்று அவசரச் சட்டமாக வந்து செப்டம்பரில் நாடாளுமன்றம் ஏற்ற அத்திருத்தம், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு ஏழாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதித்தது. அன்றைய சூழலில் அப்பாதுகாப்பு தேவையானதே. ஆயினும் சட்டத்தைத் திறந்து பார்த்த அவ்வேளையிலும் கொள்ளைநோய்க்கு வரையறையோ அதிகாரத்துக்குக் கால எல்லையோ மேல்முறையீட்டு வழியோ சேர்க்கப்படவில்லை. 2024 பிப்ரவரியில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 286 ஆவது அறிக்கையில் இச்சட்டத்தின் குறைகளைச் சுட்டி, விரிவான திருத்தமோ புதிய சட்டமோ தேவையெனப் பரிந்துரைத்தது. ஆணையம் அவ்வறிக்கையை அளித்தபோதும், வுட்பர்ன் அவையில் முன்வைத்த நல்லெண்ணப் பாதுகாப்பு நான்காம் பிரிவாகவே நீடித்தது.