சகாப்தம் என்னும் சொல்

சகாப்தம் என்னுஞ் சொல் இக்காலத்தே பெரிதும் மலிந்துவிட்டது. வெள்ளவத்தை மண்டபங்களில் நிகழும் பிரியாவிடை உரைகளிலும், கொட்டாஞ்சேனைச் சுவர்களிற் காணப்படும் கண்ணீரஞ்சலிகளிலும் அதனைக் காணலாம். முப்பதாண்டு பணியாற்றிய ஒருவர் ஓய்வு பெற்றால், "ஒரு சகாப்தம் முடிந்தது" என்கின்றோம். அன்பு மிகுதியாற் கூறுவதைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆயின் வரலாறு கற்போர் இச்சொல்லின் பொருளை நுணுகி அறிதல் வேண்டும்.

அப்தம் என்பது வடமொழியில் ஆண்டினைக் குறிக்கும். சக என்பதனோடு அது புணர்ந்து சகாப்தம் ஆயிற்று. தமிழ்ச் செய்யுளிற் சகாத்தம் எனவும் வரும். பத்தாண்டினைத் தசாப்தம் என்பதும் இவ்வாறே. எனவே சகாப்தம் என்பது முதற்கண் கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டுக் கணக்கின் பெயரேயாம். பின்னர் அது நீண்டதொரு காலப்பகுதி எனப் பொருள் விரிந்தது. ஆனால் கணக்கு வேறு, காலப்பகுதி வேறு. கணக்கு ஓராண்டிலே தொடங்கி இடையறாது ஓடுவது. காலப்பகுதியோ பின்வந்த ஆசிரியர் வகுத்துக்கொண்டது. பொலன்னறுவையில் வாழ்ந்தோர் எவரும் தாம் "பொலன்னறுவைக் காலத்தில்" வாழ்வதாக எண்ணியிரார். இதனாலேயே, விடைத்தாள்களிற் "பொலன்னறுவைச் சகாப்தம்" என வருமிடத்துக் காலம் எனத் திருத்துவது என் வழக்கம்.

கணக்கின் பயன் சாசனங்களிலே நன்கு புலனாகும். பொலன்னறுவையிலுள்ள சோழர் சாசனங்கள் அரசனது ஆட்சியாண்டையே கூறுவன. அவன் முடிசூடிய ஆண்டை அறிந்தாலன்றி அவற்றின் காலம் துணிதல் இயலாது. திருக்கோணமலைக் கோட்டையிற் கிடைத்த வடமொழிச் சாசனமோ, சோடகங்கன் என்பான் சகம் 1145இல் இலங்கைக்கு வந்தமை கூறும். எழுபத்தெட்டைக் கூட்டினால் கி.பி. 1223 எனப் பெறுகின்றோம். பிரபவ முதலிய அறுபதாண்டுப் பெயர்கள் சுழன்று வருவன. அவை மட்டும் இருப்பின் இவ்வுறுதி கிட்டாது.

ஆயினும் கணக்கின் பெயர் இருப்பதனால் மட்டும் ஐயம் தீர்ந்துவிடாது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் பற்றிய தனிச்செய்யுளொன்று, சகாத்தம் 870இல் புவனேகவாகு அதனை அமைத்தான் என்கின்றது. அஃதாவது கி.பி. 948. இலங்கை வேந்தருள் அப்பெயர் பூண்ட முதல்வன் அரசேற்றதே 1272இல். யாழ்ப்பாணத்தை 1450ஆம் ஆண்டளவில் வென்ற சப்புமல் குமாரன் பின்னர்க் கோட்டையில் ஆறாம் புவனேகபாகுவாக ஆண்டான். முதல் ஆரியச்சக்கரவர்த்தியின் அமைச்சனே இப்புவனேகவாகு என்பாரும் உளர்; அவர் கூறும் பதின்மூன்றாம் நூற்றாண்டிற்கும் 948 பொருந்தாது. தொன்மை வேட்கையால் அவ்வாண்டைப் பற்றி நிற்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

ஒருகால் அக்கணக்கு சகம் அன்றிக் கொல்லம் ஆகுமோ எனின், கொல்லம் 870 கி.பி. 1694-95 ஆகும், பழைய நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்ததோ 1621இல். ஆகவே கணக்கின் பெயரிற் குற்றமில்லை. எண்ணிலேயே வழு புகுந்துள்ளது. அவ்வெண்ணை நாம் வேண்டியவாறு மாற்றிப் படிப்பதினும், கோயிற் கட்டியத்தை நோக்குதல் நன்று. ஆங்குப் புவனேகபாகுவின் பெயர் சிறீசங்கபோதி என்னும் விருதோடு இன்றும் கூறப்படுகின்றது. அவ்விருது சிங்கள வேந்தர் பூண்டது. ஆதலின் கோட்டை மன்னனே அவன் என்பது என் துணிபு.