இலண்டனில் ஜேப்படித் திருட்டு: தண்டனையும் தற்காப்பும்

ஜேப்படித் திருட்டு என்பது பொது இடத்தில் ஒருவர் தம் உடலோடு வைத்திருக்கும் பணத்தையோ பொருளையோ அவர் அறியாதபடி எடுத்துக்கொள்வதாகும். பேச்சுவழக்கில் இதனைப் பிக்பாக்கெட் என்பர். இங்கிலாந்தில் 1565 முதல் 1808 வரை, 243 ஆண்டுகள், இக்குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆயினும் அக்காலம் முழுவதும் இலண்டனின் சந்தைகளும் நாடக அரங்குகளும் தேவாலயங்களும் ஜேப்படிக்காரர்களுக்குப் பெயர்பெற்ற இடங்களாகவே இருந்தன. சிறு திருட்டைத் தடுப்பது தண்டனையின் கடுமையா, பிடிபடுவது உறுதி என்ற நிலையா என்ற விவாதத்துக்கு இவ்வரலாறு முக்கியமான சான்றாக உள்ளது.

முடிச்சிலிருந்து சட்டைப்பைக்கு

பழங்காலத்தில் உடைகளில் தைத்த பைகள் இல்லை. ஐரோப்பியர் பணத்தைச் சிறு தோல்பையிலோ துணிப்பையிலோ இட்டு இடுப்புக் கச்சையில் தொங்கவிட்டனர். திருடர் அப்பையின் கயிற்றை அறுத்தே எடுத்தனர். அதனால் ஆங்கிலத்தில் அவர்களுக்குப் 'பை அறுப்போர்' என்று பொருள்படும் பெயர் ஏற்பட்டது. சிறு கத்தியும், அதன் கூர்மை கையை வெட்டாதபடி கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் கொம்பு உறையும் அவர்களது கருவிகள். பின்னர் உடையிலேயே பை வைத்துத் தைக்கும் வழக்கம் பரவியபோது, அறுக்கும் திருட்டு மெல்லக் குறைந்து, பைக்குள் விரல்விட்டு எடுக்கும் திருட்டு பெருகியது.

தமிழ்ச் சொற்களிலும் இம்மாற்றத்தைக் காணலாம். வேட்டி மடியிலும் முந்தானையிலும் காசை முடிந்து வைத்த காலத்துத் திருடனை 'முடிச்சுமாறி', 'முடிச்சவிழ்க்கி' என்றனர். உருது வழியாக வந்த 'ஜேப்பு' என்ற சொல் சட்டைப்பையைக் குறித்த பிறகு 'ஜேப்படி' என்ற சொல் உருவானது. பொருளை வைக்கும் இடம் மாறியபோது திருட்டின் பெயரும் மாறியது.

1585: ஒரு திருட்டுப் பள்ளி

இலண்டன் நகரத்தின் சட்ட அதிகாரியாக இருந்த வில்லியம் ஃபிளீட்வுட், 1585 ஜூலையில் அரசியின் அமைச்சர் பர்லி பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பில்லிங்ஸ்கேட் துறைக்கு அருகே மதுக்கடை நடத்திவந்த வோட்டன் என்பவன், அங்கே சிறுவர்களுக்குத் திருட்டுப் பயிற்சி அளித்ததை அதில் விவரித்துள்ளார். ஒரு சட்டைப்பையும் ஒரு பணப்பையும் தொங்கவிடப்பட்டிருந்தன. சட்டைப்பையில் கணக்கு வில்லைகளும் பணப்பையில் வெள்ளிக் காசுகளும் இருந்தன. இரண்டையும் சுற்றிச் சிறு மணிகள் கட்டப்பட்டிருந்தன. மணி ஒலிக்காமல் எடுப்பவனே தேர்ச்சி பெற்றவன்.

சட்டைப்பையிலிருந்து எடுப்பவனுக்கு ஒரு பட்டமும் பணப்பையிலிருந்து எடுப்பவனுக்கு வேறொரு பட்டமும் வழங்கப்பட்டன. எழுத்தாளர் இராபர்ட் கிரீன் 1591, 1592ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட சிறு நூல்களும் இவ்விரு பிரிவினரைப் பற்றியும், கூட்டத்தில் ஆளை இடித்துக் கவனத்தைத் திருப்பும் உதவியாளரைப் பற்றியும் கூறுகின்றன. ஒருவன் இடிப்பது, ஒருவன் எடுப்பது, எடுத்ததை உடனே வேறொருவன் கைக்கு மாற்றுவது என்ற முறை அன்றே வழக்கில் இருந்தது. திருடியவனைப் பிடித்தாலும் அவன் கையில் பொருள் இருக்காது.

1565ஆம் ஆண்டுச் சட்டம்

முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில் 1565இல் இத்திருட்டுக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதுவரை முதல் முறை குற்றம் செய்த பலர் 'மதகுருச் சலுகை' என்ற பழைய விதியால் தூக்கிலிருந்து தப்பினர். மதகுருமாருக்கென ஏற்பட்ட இச்சலுகை, காலப்போக்கில் எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் கிடைப்பதாக மாறியிருந்தது. புதிய சட்டம் ஜேப்படிக்காரர்களுக்கு இச்சலுகையை மறுத்தது. அதன்படி, 12 பென்ஸுக்கு மேல் மதிப்புள்ள பொருளை ஒருவரிடமிருந்து அவர் அறியாமல் எடுத்தவருக்கு மரண தண்டனை கிடைக்கலாம்.

இத்திருடர்கள் ஒரு தொழிற்சங்கம் போலக் கூடி இயங்குவதாகச் சட்டத்தின் முன்னுரை குற்றஞ்சாட்டுகிறது. சந்தையிலும் சமயச் சொற்பொழிவிலும் அரண்மனையிலும், குற்றவாளிகளுக்குத் தண்டனை நிறைவேற்றும் இடத்திலும்கூட அவர்கள் திருடுவதாக அது கூறுகிறது. தூக்குமேடையைச் சுற்றி நிற்கும் கூட்டம் மேலே பார்த்துக்கொண்டிருக்க, அதே கூட்டத்தில் ஜேப்படி நடந்தது. இலண்டனில் பொது இடத்தில் தூக்கிலிடும் வழக்கம் 1868இல் முடிவுக்கு வரும்வரை இந்நிலை தொடர்ந்தது.

தண்டனை பயன்படாமல் போன காரணங்கள்

சட்டம் கடுமையாக இருந்தாலும் அதன்படி தூக்கிலிடப்பட்ட ஜேப்படிக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டில் மிகச் சிலரே. இதற்கு நான்கு காரணங்கள் கூறலாம்.

முதலாவது, சட்டத்தின் சொல்லமைப்பு. பொருள் பறிபோனது உரியவருக்குத் தெரியாமல் இருந்தால் மட்டுமே மரண தண்டனை பொருந்தும். விரல் பைக்குள் நுழைந்ததை உணர்ந்து கையைப் பிடித்துவிட்டால் குற்றம் அப்பிரிவுக்கு வெளியே போய்விடும். எனவே விழிப்பாக இருந்தவரின் சாட்சியமே திருடனின் உயிரைக் காத்தது.

இரண்டாவது, ஜூரிகளின் தயக்கம். விலைவாசி உயர்ந்தும் 12 பென்ஸ் என்ற வரம்பு மாற்றப்படவில்லை. நல்ல பட்டுக் கைக்குட்டை ஒன்றே அவ்விலையைத் தாண்டியது. ஒரு கைக்குட்டைக்காக ஓர் உயிரை எடுக்க விரும்பாத ஜூரிகள், திருடிய பொருளின் மதிப்பு 10 பென்ஸ் மட்டுமே எனத் தீர்ப்பளித்தனர். சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோன் தம் உரைநூலில் இதனை ஒருவகைப் புண்ணியப் பொய் என்ற கருத்தில் குறிப்பிட்டுள்ளார்.

மூன்றாவது, வழக்குத் தொடுக்கும் முறை. குற்றவாளியைப் பிடிப்பதும், சாட்சி திரட்டுவதும், நீதிமன்றச் செலவை ஏற்பதும் பெரும்பாலும் பறிகொடுத்தவரின் பொறுப்பாக இருந்தன. காசும் நேரமும் இல்லாதவர் விட்டுவிடுவார். ஆத்திரமடைந்த கூட்டம் திருடனைக் குளத்திலோ தொட்டியிலோ முக்கி எடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு.

நான்காவது, மன உறுத்தல். சிறுவன் ஒருவன் தூக்கிலிடப்படத் தாம் காரணமாவதைப் பலர் விரும்பவில்லை. அதனால் புகாரே கொடுக்கவில்லை.

ஜொனாதன் வைல்ட்

காவல்துறை இல்லாத நகரில், பறிபோன பொருளை மீட்டுத் தருவதே ஒரு தொழிலாயிற்று. இதில் பெயர்பெற்றவன் ஜொனாதன் வைல்ட். பொருளை இழந்தவர்கள் அவனது அலுவலகத்துக்குச் சென்று விவரம் சொல்வார்கள். சில நாட்களில் பொருள் கிடைத்துவிடும், அவனுக்கு வெகுமதியும் கிடைக்கும். உண்மையில் திருடர்களை இயக்கியவனே அவன்தான். தனக்குக் கட்டுப்படாதவர்களைப் பிடித்துக் கொடுத்து, அதற்கும் அரசின் பரிசைப் பெற்றான்.

திருடனைப் பிடித்துக் கொடுக்காமல் திருட்டுப் பொருளை மட்டும் மீட்டுத் தந்து பணம் பெறுவதை 1718ஆம் ஆண்டுச் சட்டம் கடுங்குற்றமாக்கியது. திருடப்பட்ட லேஸ் துணியை மீட்டுத் தந்து 10 கினி பெற்ற வழக்கில் வைல்ட் இக்குற்றத்தின்படி தண்டிக்கப்பட்டான். 1725 மே 24 அன்று டைபர்னில் தூக்கிலிடப்பட்டான். தமிழகத்தின் தென்மாவட்டங்களில் களவுபோன மாடுகளைத் திரும்பப் பெற 'துப்புக்கூலி' கொடுக்கும் வழக்கம் இருந்தது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. நம்பத்தகுந்த காவல் இல்லாத இடங்களில், இழந்தவர் திருடியவரோடு பேரம் பேச வேண்டியிருந்தது.

கைக்குட்டையும் கடிகாரமும்

18ஆம் நூற்றாண்டு இலண்டனில் ஜேப்படிக்காரர்கள் பெரிதும் நாடிய பொருள் கைக்குட்டை. மூக்குப்பொடி போடும் பழக்கம் பரவியதால் பெரிய வண்ணக் கைக்குட்டைகள் தேவைப்பட்டன. வங்காளத்தில் முடிச்சிட்டுச் சாயமேற்றிய 'பந்தனா' பட்டுக் கைக்குட்டைகளுக்கு மிகுந்த மதிப்பு இருந்தது. ஆண்களின் நீண்ட மேலங்கியின் பின்பக்கப் பையில் கைக்குட்டை இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அப்பையில் கைவிடுவது எளிது. உரியவரின் பெயரெழுத்துத் தையலைப் பிரித்துவிட்டால் அடையாளமும் இல்லை. ஹோல்போர்ன் அருகே ஃபீல்ட் லேன் என்ற சந்தில் இத்தகைய கைக்குட்டைகள் கடைவாசலில் தொங்கவிட்டு விற்கப்பட்டன. சார்லஸ் டிக்கன்ஸ் 1837 முதல் வெளியிட்ட 'ஆலிவர் டுவிஸ்ட்' நாவலில் இச்சந்தும், சிறுவர்களைத் திருட்டுக்குப் பழக்கும் ஃபேகின் என்ற பாத்திரமும் இடம்பெறுகின்றன.

கடிகாரத்தின் நிலை வேறு. அதில் செய்தவரின் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். பறிகொடுத்தவர் அவற்றைச் செய்தித்தாளில் விளம்பரம் செய்வார். பொற்கொல்லர்களுக்கும் அடகுக்கடைக்காரர்களுக்கும் துண்டறிக்கை போகும். அடகு வைக்க வந்தவன் பிடிபடுவதும் நிகழ்ந்தது. அடையாளம் உள்ள பொருளைத் திருடலாம், ஆனால் விற்பது கடினம். 1749இல் பௌ தெருவில் ஒரு சிறு காவல் குழுவை அமைத்த மாஜிஸ்திரேட் ஹென்றி ஃபீல்டிங்கும், அவருக்குப் பின் வந்த ஜான் ஃபீல்டிங்கும் இம்முறையையே விரிவாக்கினர். திருட்டுப் பொருள்களின் விவரங்களைத் தொடர்ந்து செய்தித்தாள்களில் வெளியிட்டனர்.

நாடுகடத்தல்

1718ஆம் ஆண்டுச் சட்டம் சிறு திருட்டுக் குற்றவாளிகளை 7 ஆண்டுகள் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பவும் வழிவகுத்தது. அமெரிக்க விடுதலைப் போரால் அவ்வழி அடைபட்டது. பிறகு 1787 மே மாதம் புறப்பட்ட முதல் கப்பற்தொகுதி 1788 ஜனவரியில் ஆஸ்திரேலியாவை அடைந்தது. ஒரு கைக்குட்டைக்காகக் குடும்பத்தைப் பிரிந்து சென்ற பலர் திரும்பவே இல்லை.

இவர்களில் புகழ்பெற்றவர் ஜார்ஜ் பாரிங்டன். 1775இல் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் உருசியப் பிரபு ஓர்லோவின் வைரம் பதித்த பொடி டப்பாவை எடுக்க முயன்று பிடிபட்டார். ஓர்லோவ் வழக்குத் தொடர விரும்பாததால் அவர் விடுவிக்கப்பட்டார். 1790இல் குதிரைப் பந்தயத் திடலில் ஒருவரது கடிகாரத்தைத் திருடியதற்கு 7 ஆண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் நன்னடத்தையால் நம்பிக்கை பெற்று, பாரமட்டாவில் தலைமைக் காவலராக உயர்ந்து, 1804இல் இறந்தார்.

1808ஆம் ஆண்டுச் சீர்திருத்தம்

இத்தாலிய அறிஞர் செசாரே பெக்காரியா 1764இல் வெளியிட்ட நூலில், குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமை அன்று, அது தவறாமல் கிடைக்கும் என்ற உறுதியே என வாதிட்டார். இக்கருத்தை ஏற்ற வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சாமுவேல் ரோமிலி, ஜேப்படிக்கான மரண தண்டனையை நீக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது 1808இல் நிறைவேறியது. அக்காலத்தில் இங்கிலாந்துச் சட்டத்தில் 200க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் ஜேப்படி வழக்குகளின் எண்ணிக்கை கூடியது. அச்சம் நீங்கியதால் திருட்டு பெருகிவிட்டது என எதிர்ப்பாளர்கள் கூறினர். முன்பு உயிர்ப்பழிக்கு அஞ்சி வாய்மூடி இருந்தவர்கள் இப்போது துணிந்து வழக்குத் தொடுப்பதால்தான் எண்ணிக்கை கூடியது என ரோமிலி பதிலளித்தார். பதிவான வழக்குகளின் எண்ணிக்கையும் நடந்த குற்றங்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதை இவ்விவாதம் உணர்த்துகிறது. 1829இல் இராபர்ட் பீல் முயற்சியால் இலண்டன் பெருநகரக் காவல்துறை தொடங்கப்பட்டது. ஊதியம் பெறும் காவலர்கள் சீருடையில் தெருக்களில் முறைவைத்துச் சுற்றிவந்தனர்.

மக்களின் தற்காப்பு முறைகள்

சட்டம் மாறுவதற்கு முன்பே மக்கள் தமக்கான வழிகளைக் கண்டறிந்திருந்தனர்.

- பெண்கள் 17ஆம் நூற்றாண்டு முதல் தனியே தைத்த பையை இடுப்பில் கட்டி, அதன்மேல் பாவாடை அணிந்தனர். பாவாடையில் உள்ள சிறு திறப்பின் வழியே மட்டும் கை நுழையும். நம் ஊர்ப் பெண்கள் சுருக்குப் பையை இடுப்பில் செருகுவதும் இதே நோக்கமுடையது.
- ஆண்கள் கடிகாரத்துக்கெனக் கால்சட்டையின் இடுப்புப் பட்டையில் குறுகிய பை வைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் கடிகாரச் சங்கிலியை உள்சட்டைப் பொத்தான் துளையில் மாட்டும் வழக்கம் பரவியது.
- கைக்குட்டை, துணி ஆகியவற்றில் பெயரெழுத்துகளைத் தைத்தனர்.
- வங்கித்தாள்களின் எண்களைக் குறித்து வைத்தனர். அஞ்சலில் அனுப்பும்போது தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதி சேர்ந்த பிறகே மறுபாதியை அனுப்பினர்.

இம்முறைகளில் சில பொருளை எடுப்பதைக் கடினமாக்கின. மற்றவை எடுத்ததை விற்பதைக் கடினமாக்கின. கைப்பேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்து வைப்பதும், தொலைந்த பேசியை முடக்குவதும் இரண்டாவது வகையின் இன்றைய வடிவம். பேருந்து நெரிசலில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வது முதல் வகை.

இந்தியச் சட்டத்தில்

இச்சீர்திருத்தக் காலத்திலேயே இந்தியாவுக்கான தண்டனைச் சட்டமும் உருவானது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைவை அளித்தது. 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 379ஆம் பிரிவு திருட்டுக்கு அதிக அளவாக 3 ஆண்டு சிறை விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, முதல் முறை குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர் திருடியது 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், அவருக்குச் சமூக சேவை தண்டனையாக விதிக்கப்படும். பொருளின் மதிப்பை எல்லையாகக் கொள்ளும் முறை 1565ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது. அங்கு அந்த எல்லையைத் தாண்டியவரை மரண தண்டனை எதிர்நோக்கியது. இங்கு அதற்குள் அடங்கும் முதல் குற்றவாளிக்குத் திருந்தி வாழ வாய்ப்பு அளிக்கப்படுகிறது.