செல்போன் வேண்டாம்... மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போதும்! பெரம்பலூர், அரியலூர் பெற்றோருக்கு 7 நாள் வீட்டுக் கற்றல் அட்டவணை

“நாங்களே பெருசா படிக்கல, புள்ளைக்கு என்னத்த சொல்லிக் கொடுக்கிறது?”

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் விவசாய வேலைக்கும் சிமெண்ட் ஆலை வேலைக்கும் போகும் பல பெற்றோர் சொல்வது இதைத்தான். காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, மழை லீவு என எது வந்தாலும் பிள்ளை கையில் செல்போன் போய்விடுகிறது. லீவு முடிந்து பள்ளி திறக்கும்போது, தெரிந்த எழுத்தும் கொஞ்சம் மறந்திருக்கும்.

ஆனால், தொடக்கப் பள்ளி மாணவருக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கப் பட்டப்படிப்பு தேவையில்லை. தினமும் 40 நிமிடம், கூட உட்கார்ந்து கேள்வி கேட்க ஒரு பெரியவர், நம்ம ஊரில் கிடைக்கிற பொருட்கள். இது போதும். 1 முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கான ஒரு வாரத் திட்டம் இதோ.

வீட்டுக் கற்றல் ஏன் இவ்வளவு முக்கியம்?

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-இல்தான். கிட்டத்தட்ட 19 மாத இடைவெளி.

அதன் விளைவு, பிரதம் அமைப்பின் 2022 ஏசர் ஆய்வில் தெரிந்தது. தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் 2-ஆம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த 3-ஆம் வகுப்பு மாணவர்கள் 2018-இல் 10.2 சதவீதம். 2022-இல் அது 4.8 சதவீதமாகக் குறைந்தது. நாடு முழுவதும் இதே அளவு 27.3 சதவீதத்திலிருந்து 20.5 சதவீதமாக இறங்கியது.

இந்த இழப்பைச் சரிசெய்ய 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார் முதல்வர் மு.க.ஸ்டாலின். மாலை நேரத்தில், பிள்ளைகளின் வீட்டுக்குப் பக்கத்திலேயே தன்னார்வலர்கள் பாடம் நடத்தினார்கள். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. இதில் பிள்ளைகள் என்ன வகுப்பு என்பதைவிட என்ன நிலையில் இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். அதனால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டிலும் இதே வழிதான் சரி.

தொடங்கும் முன்: 10 நிமிடச் சோதனை

பிள்ளை 4-ஆம் வகுப்பு என்பதற்காக 4-ஆம் வகுப்புப் புத்தகத்தை நீட்டாதீங்க. முதலில் எங்கே நிற்கிறது என்று பாருங்க.

- 5 எழுத்துகளைக் காட்டுங்க. 4 சரியாகச் சொன்னால் அடுத்த படி.
- 5 சின்னச் சொற்கள்: வீடு, மாடு, கடை, பழம், ஏரி. இதிலும் 4 சரி என்றால் அடுத்த படி.
- முந்தைய வகுப்புப் புத்தகத்தில் 4 வரி கொண்ட ஒரு பத்தி. திணறாமல் படிக்கிறதா?

எங்கே தடுக்குகிறதோ, அதுதான் இந்த வாரம் தொடங்க வேண்டிய இடம். தேதி போட்டு ஒரு தாளில் குறித்து வையுங்க. ஞாயிற்றுக்கிழமை மறுபடி தேவைப்படும்.

உங்களுக்குப் படிக்க வராது என்றால் அக்கா, அண்ணன், பக்கத்து வீட்டு கல்லூரி மாணவி யாரையாவது 10 நிமிடம் உட்காரச் சொல்லுங்க.

திங்கள்: எழுத்து வேட்டை

சோப்பு உறை, ரேஷன் கார்டு, தினசரி காலண்டர், பஸ் போர்டு என எழுத்து இருக்கும் இடத்தை எல்லாம் பிள்ளை தேடட்டும். 1, 2-ஆம் வகுப்புப் பிள்ளைகள் தன் பெயரில் உள்ள எழுத்துகளைக் கண்டுபிடித்தால் போதும். பெரிய பிள்ளைகள் 20 சொற்களை நோட்டில் எழுதட்டும்.

அடுத்து, பிள்ளைகள் அதிகம் குழம்பும் இடம்: கெடு - கேடு, கொடு - கோடு, எடு - ஏடு. ஜோடி ஜோடியாக எழுதி, சத்தமாகச் சொல்ல வையுங்க.

இதில் ஒரு உள்ளூர் செய்தியும் இருக்கு. பழைய ஓலைச்சுவடிகளில் ‘கெடு’, ‘கேடு’ இரண்டுக்கும் ஒரே கொம்புதான். குறிலுக்கு மேலே வைக்க வேண்டிய புள்ளி பல நேரம் விட்டுப்போகும். நெடிலுக்கு இரட்டைச்சுழிக் கொம்பைக் கொண்டுவந்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் (1680–1747). இத்தாலியில் பிறந்த அவர் தங்கிப் பணியாற்றிய ஊர், அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சி!

செவ்வாய்: மக்காச்சோளக் கணக்கு

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்றாலே பெரம்பலூர்தான் நினைவுக்கு வரும். ஒரு கைப்பிடி மணி எடுங்க. இல்லையென்றால் புளியங்கொட்டை.

சின்னப் பிள்ளைகள்: 10 மணியை ஒரு குவியலாக வைக்கட்டும். 3 குவியலும் 4 தனி மணியும் இருந்தால் 34. அப்படியே 43 வைக்கச் சொல்லுங்க. 34-க்கும் 43-க்கும் என்ன வித்தியாசம் என்பது கண்ணுக்கே தெரியும். பத்து, ஒன்று என்ற இடமதிப்பு இவ்வளவுதான்.

4, 5-ஆம் வகுப்பு: ஒரு முழுக் கதிரைக் கொடுத்து, சுற்றிலும் எத்தனை வரிசை என்று எண்ணச் சொல்லுங்க. 12, 14, 16 என்று கிட்டத்தட்ட எப்போதும் இரட்டைப்படை எண்தான் வரும். கதிரில் பூக்கள் ஜோடியாக உருவாவதுதான் காரணம். ஒரு வரிசையில் 30 மணி, 14 வரிசை என்றால் மொத்தம் எவ்வளவு? 420. பிறகு உதிர்த்து எண்ணிப் பார்க்கட்டும். கணக்குக்கும் நிஜத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அதுவே கண்டுபிடிக்கும்.

புதன்: வெங்காயக் கடை

திண்ணையில் ஒரு கடை. பிள்ளைதான் கடைக்காரர். சின்ன வெங்காயம் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

- அரை கிலோ எவ்வளவு? 30 ரூபாய்.
- கால் கிலோ? 15 ரூபாய்.
- முக்கால் கிலோ வாங்கி 100 ரூபாய் கொடுத்தால் மீதி? 55 ரூபாய்.

1, 2-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 10 ரூபாய்க்குள் சில்லறை கொடுக்கும் விளையாட்டு போதும். இந்தக் கணக்கில் நீங்கதான் வாத்தியார். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட கால், அரை, முக்கால் கணக்கை நொடியில் சொல்லிவிடுவார்.

வியாழன்: பிள்ளை சொல்ல, நீங்க எழுதுங்க

தாத்தா பாட்டியிடம் ஒரு பழைய சம்பவம் கேட்கச் சொல்லுங்க. ஏரி உடைந்த வருஷம், முதல்முதலில் பஸ் வந்த நாள், எதுவானாலும் சரி. பிறகு பிள்ளை அதை தன் வாயால் திரும்பச் சொல்லட்டும். சொல்வதை அப்படியே 5 வரியில் நீங்க எழுதுங்க. இப்போது அந்த 5 வரியைப் பிள்ளை படிக்கட்டும்.

தான் சொன்ன வார்த்தைகள் என்பதால் பாதி மனதில் இருக்கும், பாதியை எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும். படிக்கும் பயம் போக இது எளிய வழி. வீட்டில் எழுதத் தெரிந்தவர் இல்லையா? கதையை 4 படமாக வரையச் சொல்லி, படத்தைக் காட்டிக் கதை சொல்ல வையுங்க. அதுவும் கற்றல்தான்.

வெள்ளி: நம்ம ஊரில் கடல் இருந்ததா?

ஆமாம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அரியலூர் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அப்போது வாழ்ந்த கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் இங்கே இன்றும் கிடைக்கின்றன. சிமெண்ட் ஆலைகள் தோண்டும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுச் சென்றதுதான். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாக மாறிய மரமே கிடக்கிறது. நீளம் 18 மீட்டருக்கும் மேல்.

செய்முறை: ஈரக் களிமண்ணைத் தட்டி, அதில் ஒரு இலையை அல்லது நத்தை ஓட்டை அழுத்தி எடுங்க. பதிந்த அச்சு காயட்டும். உயிர் போன பின்னும் அடையாளம் எப்படி மிஞ்சுகிறது என்று புரியும். பிறகு தெருவில் 18 மீட்டரைக் கயிறால் அளந்து, அந்த மரம் எவ்வளவு நீளம் என்று நடந்து பார்க்கட்டும்.

கவனம்: கல் தேடுகிறேன் என்று சுரங்கக் குழிகள் பக்கம் பிள்ளைகளைத் தனியாக விடாதீங்க. தண்ணீர் நிற்கும் குழிகளின் ஆழம் வெளியே தெரியாது.

சனி: பறவைக் கணக்கெடுப்பு

வீட்டு வாசலிலோ ஏரிக்கரையிலோ பெரியவரோடு 10 நிமிடம். காகம், மைனா, கொக்கு என எதை எத்தனை முறை பார்க்கிறார்களோ அத்தனை கோடு. நாலு கோட்டுக்கு மேல் குறுக்கே ஒரு கோடு போட்டால் 5. கடைசியில் எது அதிகம், எவ்வளவு அதிகம் என்று பிள்ளையே சொல்ல வேண்டும். 4, 5-ஆம் வகுப்பு மாணவர்கள் அதைப் பட்டை வரைபடமாக வரையலாம்.

அரியலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு கரைவெட்டி ஏரி தெரிந்திருக்கும். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வரும் இந்தச் சரணாலயம் 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

ஞாயிறு: பிள்ளைதான் டீச்சர்

இந்த வாரம் கற்றதில் ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் பிள்ளை நடத்தட்டும். நீங்க வேண்டுமென்றே ஒரு தப்பு செய்யுங்க. அதைக் கண்டுபிடித்துத் திருத்தினால் பாடம் நிஜமாகவே புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு, தொடங்கும் முன் செய்த அதே 10 நிமிடச் சோதனை. ஒரு வாரத்தில் பெரிய மாற்றம் வராது. ஆனால் 2 எழுத்து கூடுதலாகத் தெரிந்தாலும் அதைச் சொல்லிப் பாராட்டுங்க. மீதி நேரம் முழுக்க விளையாட்டு.

ஆங்கிலம் வேண்டாமா?

வேண்டும். ஆனால் தினம் 3 சொல் போதும். அன்றைக்குக் கையில் எடுத்த பொருளின் பெயர், நிறம், எண்ணிக்கையை ஆங்கிலத்தில் சொல்லட்டும். தமிழில் படிக்கப் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலம் படிப்பதும் சுலபமாகும்.

செய்யக்கூடாதவை என்ன?

- தப்பு செய்தால் அடிப்பது, “அவனைப் பாரு” என்று ஒப்பிடுவது.
- ஒரே பாடத்தைப் பத்து முறை எழுதச் சொல்வது. கைதான் வலிக்கும்.
- 40 நிமிடத்தை 2 மணி நேரமாக இழுப்பது.

எப்போது ஆசிரியரைப் பார்க்க வேண்டும்?

புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் வைத்துப் படித்தால் முதலில் கண் பரிசோதனை. பல வாரம் முயன்றும் எழுத்துகள் மனதில் நிற்கவில்லை என்றால் சோதனைத் தாளோடு வகுப்பு ஆசிரியரைப் பாருங்க. “படிக்க மாட்டேங்கிறான்” என்று சொல்வதைவிட, “சொல் வரை படிக்கிறான், பத்தியில் நின்னுடுறான்” என்று சொன்னால் ஆசிரியரால் உடனே உதவ முடியும். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் கேட்கலாம்.

ஒரு வாரம் முடிந்ததும் நிறுத்த வேண்டாம். அடுத்த வாரம் மக்காச்சோளத்துக்குப் பதில் பருத்திக்கொட்டை, வெங்காயத்துக்குப் பதில் மிளகாய். திட்டம் இதேதான்.