லூத்தர் வராத மதுரையில்

சமயச் சீர்திருத்த இயக்கம் என்றதும் நம் பிள்ளைகள் 1517, விட்டன்பர்க், மார்ட்டின் லூத்தர் என்று ஒப்பிப்பார்கள். கத்தோலிக்கரின் எதிர்ச் சீர்திருத்தம் என்றால் 1540-இல் இயேசு சபை, 1545 முதல் 1563 வரை திரெந்து சங்கம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் நடத்தினேன். அந்தச் சரித்திரத்தின் ஒரு கிளை நம் மதுரைக்கும் வந்தது.

1606-இல், முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், இத்தாலியரான ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தார். இயேசு சபைத் துறவி. லூத்தர் தரப்பாரோடு வாதாடிப் பெயர்பெற்ற கர்தினால் பெல்லார்மின் இவருடைய உறவினர்.

மதுரையில் அப்போதே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் இருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரவர்களுக்குக் குரு. ஊர்க்காரர்கள் அவர் பக்கம் போகவில்லை. அவர்களுக்கு அது 'பரங்கி மார்க்கம்'. புலால் உண்பவர், மது அருந்துபவர், தீண்டத்தகாதவர் என்பதே பரங்கிக்கு அன்று அர்த்தம்.

நோபிலி வேறு வழி எடுத்தார். தனிக் குடில், காவி உடை, சைவ உணவு. தமிழோடு சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதமும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். 'கிராசா' போன்ற போர்த்துக்கீசியச் சொற்களை விட்டு அருள், பூசை என்று எழுதினார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் முதலிய உரைநடை நூல்கள் பிறந்தன.

பெர்னாண்டஸ் பொறுக்கவில்லை, மேலிடத்துக்குப் புகார் எழுதினார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் விக்கிரக ஆராதனை என்பது அவர் கட்சி. அவை குலத்தையும் அந்தஸ்தையும் காட்டும் உலக வழக்கம் மட்டுமே என்பது நோபிலியின் கட்சி. சேதி கேட்டு பெல்லார்மினே முதலில் கண்டித்து எழுதினார். விளக்கம் வந்தபின் ஆதரித்தார். 1619-இல் கோவாவில் கூடி விவாதித்தார்கள். 1623 ஜனவரி 31-இல் போப் பதினைந்தாம் கிரகோரி நோபிலிக்குச் சாதகமாக ஆணை தந்தார். அதே ஆணையில், உயர்குலத்தார் எளியவர்களை இகழக் கூடாது என்ற வேண்டுகோளும் இருந்தது.

அனுமதி ஊரில் நிலைத்தது. வேண்டுகோள் ஏட்டோடு நின்றது. பிராமண சன்னியாசியாக வாழும் குரு எல்லாச் சாதியாரோடும் பழக முடியாதே! அதனால் 1640 வாக்கில் மற்றச் சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் வந்தார்கள். ஒரே வேதத்துக்கு இரண்டு விதக் குரு. குடுமி வழக்கம்தான் என்றால் தீண்டாமையும் வழக்கம்தானே என்று சொல்ல வழி பிறந்துவிட்டது.

சரி, எதிர்த் தரப்பு? லூத்தர் வழி வந்த சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அச்சகம் வைத்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். ஆனால் அந்தச் சபைகளிலும் சாதிவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1833-இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபையில் சாதி கூடாது என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரில் பலர் சபையை விட்டு விலகினார்களே தவிர சாதியை விடவில்லை.

ஐரோப்பாவில் இரு தரப்பும் ஒருவரையொருவர் எரித்தார்கள். இங்கே இருவரும் தடுக்கி விழுந்தது ஒரே வாசற்படியில். எது வழக்கம், எது அநீதி என்று நோபிலியைக் கேட்க வேண்டியவர்கள் பூணூல் போட்டவர்கள் மட்டுமல்ல. குடிலுக்குள் வர முடியாமல் வெளியே நின்றவர்களும்தான். அவர்களை 1619-இல் கோவாவுக்கு யாரும் அழைக்கவில்லை.

தமிழ் உரைநடைக்கு நோபிலி செய்ததை மதிக்கிறேன். அவரைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பேசுவோம். உங்கள் ஊர்ப் பழைய கோயில்களில் தனி வாசல், தனி இடம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள்.