தாது வருடத்து வாய்க்கால்

சரவணம்பட்டியில் வளர்ந்த எனக்குத் தெரிந்த நீர் கிணறும் குளமும்தான். தோணி என்பது திரையில் கண்ட பொருள். அதனாலோ என்னவோ, பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இளமையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. 1934ஆம் ஆண்டு நிலவெறித்த ஓர் இரவில் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோணியில் சென்ற அனுபவத்தில் விளைந்த கவிதை அது. உடன் சென்றவர்கள் ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம் அம்மையார், மயிலை சீனி. வேங்கடசாமி முதலானோர். ஒரே தோணியில் இத்தனை பேச்சாளர்கள்! என்னவெல்லாம் விவாதித்திருப்பார்கள் என்று கற்பனை செய்வதே ஒரு சுகம்.

கவிஞர் அவ்வாய்க்காலைப் புதுச்சேரி வரை நீட்டிவிடுகிறார், புதுவைக்காரர் அல்லவா! பக்கிங்ஹாம் கால்வாய் மரக்காணத்தோடு நின்றுவிடும். வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் வரை மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர். கடலை ஒட்டியே கழிமுகங்களையும் ஆறுகளையும் கோத்துச் செல்லும் உப்புநீர் வழி. பேசில் காக்ரேன் என்பவர் 1806 வாக்கில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டி முடித்த தனியார் கால்வாயே அதன் தொடக்கம். 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டு இருபுறமும் வளர்த்தது. விறகும் உப்பும் நெல்லும் தோணிகளில் வந்தன. காற்று வாய்த்தால் பாய். இல்லையேல் கழியூன்ற வேண்டும், அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுக்க வேண்டும்.

நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் 1877-78இல்தான் வெட்டப்பட்டது, பஞ்ச நிவாரண வேலையாக. கொங்கு நாட்டாருக்கு அந்தப் பஞ்சத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அது தாது வருடப் பஞ்சம். அவசரமாகச் சோற்றை அள்ளினால், "தாது வருசத்துல பொறந்தவனாட்ட" என்பார் என் அப்பத்தா. அவரே அப்பஞ்சத்துக்கு அரை நூற்றாண்டு பிந்திப் பிறந்தவர். கோவையும் சேலமும் பட்டினியில் கிடந்த காலத்தில்தான் அங்கே மண் வெட்டப்பட்டது. 1877 தொடக்கத்தில் பஞ்சத்தைப் பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைகளில் ஓர் ஆணின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அவ்வாண்டே கூலி ஓரளவு உயர்ந்தது. கால்வாய்க்கோ அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. தாது வாய்க்கால் என்று வைத்திருந்தால் பொருந்தியிருக்கும் என்பது என் துணிபு.

1960களின் நடுவிலும் 1976இலும் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன, தோணிகள் அருகின. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே இறங்கின. சென்னை சென்றிருந்தபோது திருமயிலை நிலையத்தில் இறங்கிப் பார்த்தேன். தூண்களுக்கு நடுவே அசையாத கருநீர், ஒரு கொக்கு. காக்கிநாடாவிலிருந்து இக்கடலோரக் கால்வாய்த் தொடரை 2008இல் தேசிய நீர்வழி 4இல் சேர்த்து அறிவித்தார்கள். அதன் தென்கோடி மரக்காணம் அல்ல. கழுவேலி ஏரி வழியாகப் புதுச்சேரி. கவிஞரின் வாய்க்கால் காகிதத்தில் ஊர்போய்ச் சேர்ந்துவிட்டது.